பாதி விலை

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த கிழமை, டென்மார்க்கின் ஓகூஸ் நகரத் தமிழ்ச்சனம் முழுக்கப் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றது. வழக்கறிஞர் குலேந்திரன் மட்டும் கந்தோரில் கேள்விப்பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தார். குற்றவழக்கில் மாட்டியவர்களுக்கு அரசாங்கச் செலவில் வாதாடும் ஒப்பந்தம் அது; குறைந்த விலை போடுகிறவருக்குக் கிடைக்கும்.

“ஊர்வலத்துக்கு வரேல்லையோ?” மனைவி போனில் கேட்டாள்.

“சுபாஜினி என்னட்டைத் தொழில் பழகினவள். இப்ப சனம் அவளிட்டைத்தான் போகுது. இதுக்கும் விலை போடுவாள். அவளும் இப்ப எழுதிக்கொண்டுதான் இருப்பாள்.”

வயிற்றெரிச்சலில் கட்டணத்தைப் பாதியாக்கினார். ஒப்பந்தம் கிடைத்தது.

அடுத்த மாதம் சுபாஜினி கந்தோருக்கு வந்தாள்.

“என்ன பிள்ளை, என்ரை விலையைப் பாத்து மலைச்சுப்போனீரோ?”

“நான் விலை போடவேயில்லை அண்ணை. சனத்தோடை வீதியை மறிச்சதுக்கு என்னிலை வழக்கு. அரசாங்கம் தந்த வக்கீல் நீங்கள்தான்.” கடிதத்தை நீட்டினாள். “நல்லகாலம், நீங்கள் ஒராள் அங்கை வரேல்லை.”