ஆயில் லைட்டு

"லைட்டு எரிஞ்சுதா, எரியலையா? அத மட்டும் சொல்லு."

"எரியலங்க" என்றார் டிரைவர் பாவாடை. சொல்லும்போது அவர் ஜீப்பைப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்துச் சொல்லாதது ஜெயசுதாவின் மனதில் முள்ளாகத் தைத்தது.

கச்சிராயபாளையத்தில், மலைக்குப் போகும் சாலையோரம் இருந்த மெக்கானிக் கடையில் ஜீப் நின்றிருந்தது. அடியில் படுத்திருந்த மெக்கானிக் கண்ணாயிரம், எஞ்சினின் ஆயில் சேம்பரைக் கழற்றி வெளியே தள்ளினான். எண்ணெய் தேங்கும் அந்தத் தொட்டி, அடிவாங்கிய அலுமினியக் குண்டான் மாதிரி உள்ளே ஒடுங்கிக் கிடந்தது.

மலைமேல் மண் பாதையில் வண்டியின் அடியில் கல் இடித்ததைப் பாவாடை இடித்த அன்றைக்கே சொல்லியிருந்தார். எண்ணெய் ஒழுகவில்லை, குச்சியை விட்டுப் பார்த்தால் அளவும் சரியாக இருக்கிறது என்றார். ஜெயசுதாவும் நம்பினாள். அதற்குப் பிறகும் ஜீப் வெள்ளிமலைக்கு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இன்று காலை ஏற்றத்தில் எஞ்சின் டொக்டொக்கென்று தட்ட ஆரம்பித்ததும், கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள்.

கண்ணாயிரம் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினான். சேம்பர் ஒடுங்கியதில் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் பாதி அடைபட்டுவிட்டது. இடம் குறைந்ததால் எண்ணெய் மட்டம் மேலே வந்து, குச்சியில் அளவு சரியாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் அது ஏறவில்லை. கழற்றுவதற்கு முன் எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தானாம். ஆக்சிலேட்டரை மிதித்தால் முள் லேசாக எழுகிறது, காலை எடுத்தால் படுத்துவிடுகிறது.

"பேரிங் தேஞ்சி போச்சிக்கா. எண்ணெயில பாருங்க, அந்தத் தூளு எப்படி மினுக்குதுன்னு. எண்ணெ ஏறலன்னா மீட்டர்ல ஆயில் லைட்டு எரியும். அது எரிஞ்சப்பவே வண்டிய நிறுத்தியிருந்தா சேம்பரோட போயிருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். கணவன் போன பிறகு அந்த ஜீப்தான் அவள் வீட்டில் உலை வைத்தது. மலைக்கு மளிகை ஏற்றிப் போய், வரும்போது மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்து, இத்தனை வருஷம் தள்ளியாயிற்று. இப்போது எஞ்சினையே பிரிக்க வேண்டுமாம்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கல் இடித்த அன்று பாவாடை திரும்பியபோது நன்றாக இருட்டியிருந்தது. வண்டியின் பின்பக்கமெல்லாம் செம்மண். மண் பாதைக்கு ஏன் போனாய் என்று கேட்டாள். மலைமேல் இருக்கும் கடைக்காரரின் சாமானை அங்கே இறக்கச் சொல்லி அனுப்பியது நீங்கள்தானே என்றார். உண்மைதான். ஆனால் இவ்வளவு சட்டென்று பதில் வருகிறதென்றால், இதை முன்பே தயார் செய்து வைத்திருப்பாரோ என்று தோன்றியது.

கண்ணாயிரம் வெளியில் நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான். ஜெயசுதா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக் விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கைக் காணோம்.

சாவி போட்டதுமே அதுவும் எரிய வேண்டுமே என்று முணுமுணுத்தவன், எஞ்சின் பக்கம் போய் அந்த விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, எரிகிறதா என்று இரும்பில் தொட்டுப் பார்த்தான். அப்போதும் விளக்கு தெரியவில்லை. ஒயரைத் திரும்ப மாட்டினான்.

"பல்பு போயிருக்கும்கா. இல்லன்னா..." என்று நிறுத்தினான்.

"இல்லன்னா எவனோ புடுங்கியிருக்கான்" என்று அவள் முடித்தாள். பிறகு பாவாடையின் பக்கம் திரும்பினாள். எப்போதும் அண்ணே என்று கூப்பிடுகிறவள் இன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"லைட்டு எரிஞ்சா வண்டிய நிறுத்தணும். நிறுத்துனா சேம்பர் செலவ உங்கிட்டத்தான் கேப்பேன். அதுக்கு பல்பையே கழட்டிட்ட. நல்லாத்தான் யோசிச்சிருக்க."

"நான் இன்னாத்துக்குங்க கழட்டப் போறேன்? மலையில வண்டி நின்னா நான்தான அங்க கெடக்கணும்?"

"அப்ப வேற யாரு கழட்டுனது? இந்த வண்டியத் தொடுறது நீயும் நானுந்தான."

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்படி பாவாடையிடம் சொன்னாள். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

"இந்த வயசுல எனக்கு எவங்க ஸ்டேரிங் குடுப்பான்?" என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி இல்லாமல்.

அவள் ஒடுங்கிய சேம்பரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சீட்டில் கிடந்த துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார். கள்ளக்குறிச்சி டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. கிளம்பியபோது அங்கே யாரும் இல்லை.

எப்படியும் புது பல்பு போட்டாக வேண்டும் என்று, போட்ட சாவியை அணைக்காமலே கண்ணாயிரம் வண்டிக்குள் ஏறினான். ஸ்டேரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் போர்டின் திருகாணிகளைக் கழற்றி, ஒயரோடு முன்னால் இழுத்தான். பின்பக்கம் கைவிட்டு ஆயில் விளக்கின் ஹோல்டரைத் திருகி உருவினான். உருவியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா, பல்பு இல்லையா?" என்றாள் ஜெயசுதா.

"இருக்குதுக்கா. நல்லா எரிஞ்சிக்கினு இருக்குது."

அவன் மீட்டர் போர்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஆயில் விளக்குக்கு நேராகக் கண்ணாடியின்மேல், வெள்ளிக்கிழமைதோறும் அவள் தன் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, தடித்து ஒட்டியிருந்தன. அதைத் துடைக்கக் கூடாது, வண்டிக்கு ஆகாது என்று பாவாடையிடம் கண்டித்துச் சொல்லி வைத்திருந்தவளும் அவள்தான்.