சாது எலிகள்

"மறுபடியும் கடிச்சிடுச்சா?"

பேராசிரியர் கேட்டதும் அவள் கட்டுப் போட்ட கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"கூண்டு மாத்தும்போது லேசா பல்லு பட்டுடுச்சு சார். ஊசி போட்டுக்கிட்டேன்."

"லேசாவா? போன வாரம் கட்டை விரல். அதுக்கு முன்னாடி மணிக்கட்டு. உன் கையைப் பார்த்தா எலி வளர்க்கிறவ கை மாதிரியாம்மா இருக்கு? முதலை வளர்க்கிறவ கை மாதிரி இருக்கு."

அவள் சிரித்து வைத்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் எலிக்கடி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இன்றைக்கென்று பேராசிரியர் விடுவதாக இல்லை.

அவர்கள் தேடுவது கோபத்துக்கு மருந்து. எலியைத் தனியாக அடைத்துப் போட்டால் அதற்கு வெறி ஏறிவிடும், கையை நீட்டினால் கடிக்கும். அப்படிப்பட்ட எலிகளுக்கு ஒரு மூலிகை வேரின் சாற்றைக் கொடுத்து, அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்காக அவள் சோறு தண்ணீர்கூடப் பார்ப்பதில்லை. நல்ல சம்பளத்தோடு தேடி வந்த வேறு வேலையைக்கூட உதறிவிட்டாள். இவளுக்கு என்ன பைத்தியமா என்று உடன் இருப்பவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

"எந்தக் கூண்டு எலி கடிச்சுது?"

"அது... கவனிக்கலை சார்."

"நீ கவனிக்க வேண்டாம், நான் சொல்றேன். நீ தொடுறது எல்லாமே சாறு குடிக்கிற எலிங்க. வெறும் தண்ணி குடிக்கிற எலிங்களை வேற ஆளுதான் பார்த்துக்கறாரு. அப்போ மருந்து குடிச்ச எலிதானே உன்னைக் கடிக்குது?"

வாய்க்கு வந்த பொய் இப்படித் தன் ஆராய்ச்சியின் தலையிலேயே வந்து விடியும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"செத்த எலிங்க மூளையைச் சீவிப் பார்த்தோமே சார். வெறியில வந்த வீக்கம் வத்தியிருக்கு, நல்லா வந்திருக்குன்னு நீங்களே சொன்னீங்களே."

"மூளை நல்லாத்தான் இருக்கு, வாய் கடிக்குதே? எலி சாதுவாயிடுச்சுன்னு நாம எழுதினா, உன் கையைப் பார்க்கிறவன் வயிறு வலிக்கச் சிரிப்பான். போதும்மா, இதோட நிறுத்திக்கலாம். வேற செடி பார்ப்போம்."

"வேண்டாம் சார். அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். கட்டாயம் கேட்கும் சார். இதை விட்டா எனக்கு வேற வழியே இல்லை."

"உனக்கென்ன வழி இல்லாமப் போச்சு? நாளைக்கே வேற தலைப்பு தர்றேன்."

அவர் தொலைபேசியை எடுத்தார். எலிகளைக் கொன்றுவிடச் சொல்லத்தான். அவள் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலி கடிக்கலை சார்."

கட்டைப் பிரித்துக் கையை மேஜைமேல் வைத்தாள். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை என்று பல் பதிந்திருந்தது. எலிக்கு அவ்வளவு பெரிய வாய் கிடையாது.

"என் பொண்ணு சார். காய்ச்சல் மூளைக்கு ஏறினதுல இருந்து இப்படித்தான். வெறி வந்துட்டா, பெத்தவ யாரு, மத்தவ யாருன்னு தெரியாது."

பேராசிரியர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நான் வேற வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணிட்டேன்." சட்டென்று அவர் முகம் தெளிந்தது. "ஆமா, அப்போ மருந்து குடிச்ச எலி ஒண்ணுகூட உன்னைக் கடிக்கலையா?"

"ஒண்ணுகூட கடிக்கலை சார். மடியில போட்டாத் தூங்குது."

"அட, அப்போ இது நல்ல செய்திதானே? மருந்து வேலை செய்யுதும்மா. எல்லாம் முறைப்படி முடியட்டும், ஒரு நாள் உன் பொண்ணுக்கும் இதையே கொடுக்கலாம். அழாதே."

அவள் அழுகை இன்னும் கூடியது.

"கொடுத்துட்டுதான் சார் இருக்கேன். கோடையில இருந்து தினமும் திருடி எடுத்துட்டுப் போய்க் கொடுக்கறேன்" என்றாள். "இது நேத்து கடிச்சது."