புள்ளி

வெர்னா கேமராவோடு எங்கே மண்டியிட்டாலும் அந்தப் பிக்கப் வண்டி படத்தின் ஓரத்தில் வந்து விழுந்தது.

சால்டன் ஏரிக்கரையில் அவளைத் தவிர இருந்தது அந்த வண்டியும் அதற்குச் சொந்தக்காரக் கிழவரும்தான். விடியுமுன் கிளம்பி வந்திருந்தாள். நாளைக்கு வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

"பெரியவரே, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவீங்களா?"

நிறுத்திவிட்டு வந்தார். உப்பேறி நின்ற மரக்கம்பம் ஒன்றோடு அவள் மல்லுக்கட்டுவதைப் பார்த்து, அதையும் பிடுங்கிப் போட்டார். பேர் ஏர்ல் என்றார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா படம் பிடிக்க என்னம்மா இருக்கு? இங்க மீன்கூடச் செத்து ஒழிஞ்சுபோச்சு."

"என் தம்பி ராய்ஸுக்கு. குறுக்கே ஒண்ணும் நிக்கக் கூடாதாம்."

"நீங்க போய் நில்லுங்க, நான் எடுக்கறேன். அக்கா மூஞ்சி அவனுக்குக் கசக்கவா போகுது?"

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். என்ன படம் வேண்டும் என்று கேட்டபோது அக்காவின் படத்தைக் கேட்பான், இல்லாவிட்டால் அம்மாவின் கல்லறையையாவது கேட்பான் என்று. ராய்ஸ் கண்ணைச் சுருக்கி யோசித்துவிட்டு, ஆளே வேண்டாம், தூரம் இருந்தால் போதும் என்றான்.



இப்போது கேமராவை ஏர்லிடம் நீட்டினாள்.

"நான் நடந்துக்கிட்டே இருக்கேன். யாருன்னு அடையாளம் தெரியாமப் போனதும் எடுங்க."

"அடையாளமே தெரியலன்னா நீங்க எதுக்கும்மா?"

"ஆள் எவ்வளவு சின்னதாத் தெரியுதுன்னு பாத்தாத்தானே எவ்வளவு தூரம்னு அவனுக்குத் தெரியும். ஜெயில்ல தனிக்கொட்டடியில இருக்கான். ஜன்னல் கிடையாது. சுவரைத் தாண்டி எதையும் பாத்து வருஷக்கணக்காச்சு. தூரத்துல பாக்கறதே கண்ணுக்கு விட்டுப்போச்சு. போன தடவை பாக்கப் போனப்போ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவனுக்கு, நான் கதவுக்கிட்ட வர்றப்போ யாருன்னே தெரியல."

ஏர்ல் கேமராவை வாங்கிக்கொண்டார்.

ஏரி வற்றிப் பின்வாங்கிய வெள்ளைத் தரையில் வெர்னா நடந்தாள். மீன் முட்கள் காலடியில் நொறுங்கின. ஏர்ல் ஏதோ கத்தினார், காற்று கொண்டுபோய்விட்டது. அவள் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கட்டைவிரல் அளவுக்கு இருந்தார். இன்னும் நடந்தாள்.

அவரும் ஒரு புள்ளியானதும் நின்று, அவர் பக்கம் திரும்பினாள்.

படத்தில் விழாது என்று தெரிந்தும், முகத்தில் பறந்த முடியை ஒதுக்கிவிட்டுத் தம்பிக்காகச் சிரித்தாள்.