இரண்டு போல்ட் குறைகிறது

"அந்த ஆளு உள்ளே வந்தா இனிமே நாங்க வரமாட்டோம். நீங்களே முடிவு பண்ணுங்க அக்கா."

பள்ளி ஆசிரியர் தமீர் நீட்டிய தாளில் இருபத்து மூன்று கையெழுத்துகள் இருந்தன. அந்த ஆள், தோக்தார். பைகோனூர் ஏவுதளத்தில் ராக்கெட் பூட்டும் கூடத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அக்மரால் ஊர் மன்றத்துக்குப் பொறுப்பாளராக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஞாயிறு மதியம் அங்கே படம் போடுவார்கள். விண்வெளிப் படம், மந்திரவாதிப் படம், பறக்கும் வீரர் படம் என்று புதிதாக எது வந்தாலும் கூட்டம் சேரும். தோக்தாரும் வருவார். வெறும் வாயை மெல்கிறவருக்கு அவல் கிடைத்த கதைதான். விண்வெளியில் வெடிச் சத்தம் கேட்காது என்பார். இந்த உடம்புக்கு அந்தச் சிறகை வைத்துக்கொண்டு டிராகன் வேலியைக்கூடத் தாண்டாது என்பார். அதையும் நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொல்வார்.

"படத்தைப் படமாப் பாக்கணும்ல?" என்றார் தமீர். "பசங்க கண் கலங்கற நேரம் பார்த்து, குழாய்ல வாஷர் இல்லைங்கறாரு."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. இன்று படம் முடிந்ததும் சொல்லிவிடுவதாக அக்மரால் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்று மட்டும் அவள் மனதைக் குடைந்தது. இத்தனை குறை சொல்கிற மனிதர் ஏன் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறார்?

தெரிந்துகொண்டே தீருவதென்று அவர் இருக்கைக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

தோக்தாரின் பக்கத்தில் அவருடைய நண்பர் சாபித் இருந்தார். அதே கூடத்தில் சோதனைக்காரராக இருந்தவர். அந்த நாளில் தோக்தார் ஒவ்வொரு வேலையையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், சாபித் "சரி" என்றால்தான் அடுத்த வேலை. சாபித் வெளியூரில் மகள் வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இந்த வசந்தத்தில்தான் ஊர் திரும்பியிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பாவம் இவர் என்று அக்மராலுக்கு இருந்தது. "உங்களுக்குத் தொந்தரவா இல்லையா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தொந்தரவுதான்மா. ஆனா இவன் தப்புத் தப்பாச் சொல்வானே, திருத்த ஒரு ஆள் வேணாமா?" என்றார் சாபித்.

விளக்கு அணைந்தது. படத்தில் ஓர் இளம்பெண் பறந்தாள். தோக்தார் உடனே ஆரம்பித்தார்.

"பறக்கறவளுக்கு எதுக்குடா தரை வரைக்கும் சிவப்பு அங்கி? கால்ல சுத்தி விழப் போறா."

"விழுந்தா பிடிச்சுத் தூக்க வசதியா இருக்கும்ல?" என்றார் சாபித்.

முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அக்மரால் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கதை முற்றியது. விண்கலம் ஒன்றில் விரிசல் விட்டுக் காற்று கசிந்தது. குழந்தைகள் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவுக்கு எட்டு போல்ட் வேணும். ஆறுதான் போட்டிருக்கான். எவன்டா இதைச் சோதிச்சது?" என்றார் தோக்தார்.

அக்மரால் திரையைப் பார்த்தாள். கதவு வழவழவென்று இருந்தது. அதில் ஒரு போல்ட்கூட இல்லை.

"எந்தப் பக்கம் குறையுது?" என்று கேட்டார் சாபித்.

"இடது பக்கம், கீழே. அந்தப் பொண்ணு அங்கேதான் உள்ளங்கையை வெச்சு அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ளே பதினோரு பேரு. மூணு குழந்தை."

"வெறுங்கையா? உறைஞ்சிடுமே."

"உறையுது. விரல் எல்லாம் வெள்ளையாயிடுச்சு. அதுக்குப் போய்ச் சிரிக்கிறா பாரு, அறிவிருக்கா?"

"சிரிக்கிறாளா?" என்றார் சாபித். அவர் குரல் இறங்கிவிட்டது.

படம் முடிந்தது. தோக்தார் முனகிக்கொண்டே எழுந்து, முட்டி பிடித்துக்கொண்டதாகச் சொல்லி நண்பரின் கையைக் கோத்துக்கொண்டார்.

"இங்கே மூணு படி. மெதுவாப் போடா, எனக்கு வலிக்குது."

"கிழவனாயிட்டே நீ," என்று சாபித் அவரைத் தாங்கினாற்போல நடந்தார்.

அக்மரால் தாளோடு வாசலில் காத்திருந்தாள். தோக்தார் நண்பரைக் காரில் உட்கார வைத்தார். தொப்பியை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினார். மூன்று படியையும் ஒரே தாவலில் ஏறி வந்தார்.

"முட்டி வலி சரியாப் போச்சா அண்ணே?"

அவர் அசடு வழிந்தார்.

"அந்தக் கதவுல போல்ட்டே இல்லையே?" என்றாள் அக்மரால்.

தோக்தார் ஒருமுறை காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்தது.

"சர்க்கரை வியாதிம்மா. ஒன்றரை வருஷமா அவனுக்குச் சுத்தமாக் கண்ணு தெரியாது. யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாதுன்னு கண்ணாடி மாட்டிக்கிட்டு வர்றான். திரையில என்ன நடக்குதுன்னு சொன்னா ரோஷம் வந்து எழுந்து போயிடுவான். தப்புன்னு சொன்னாத்தான் சண்டை போடக் கடைசி வரைக்கும் உக்காருவான்."

அக்மரால் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். தமீரிடம் அவள் பேசிக்கொள்வாள்.

"படம் எப்படி இருந்துச்சு அண்ணே, நிஜமாச் சொல்லுங்க," என்று கேட்டாள்.

"பிரமாதம்மா. ஒரு குறையும் இல்ல," என்று தொப்பியை மாட்டிக்கொண்டார் தோக்தார். "அடுத்த வாரமாவது கொஞ்சம் மோசமான படமாப் போடு தாயி. இந்த மாதிரி நல்ல படத்துல தப்பு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போகுது."