மரநாய்க்கு வைத்த பழம்

மரநாய் நாய் அல்ல. இந்த உண்மையை நாட்டு மக்கள் இன்னும் ஏற்காமல் இருப்பது வருந்தத்தக்கது. அது பூனைக்கு ஒன்றுவிட்ட உறவு. குரைக்காது, காவல் காக்காது, வாலாட்டாது. ஓட்டுக்கும் அட்டாலிப் பரணுக்கும் நடுவே ஓடும், பழம் தின்னும். அவ்வளவுதான்.

இதைச் சந்தேகமறத் தெரிந்தவன் ராஜபாண்டி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில், கூரைக்குள் சத்தம் போடும் ஜீவன் இன்னதென்று சொல்லி, பிடித்துக்கொண்டும் போவான். சுரண்டினால் எலி. சீறினால் கூகை. உருண்டு புரண்டால் மரநாய்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் ஊரில் நல்லான் வீட்டுக்கு அவனை வரவழைத்தவள் மகள் அனிதா.

"தெனமும் உருள்ற சத்தங்கண்ணா. நான் வர்றப்பெல்லாம் கொழந்தை பயந்து அழுகுது. எப்படியாச்சும் பிடிச்சுட்டுப் போயிருங்க."

"பிடிச்சிருவோம் தங்கச்சி. வீட்ல பெரியவரு ஒண்ணும் செய்யலையா?"

"எங்கப்பாவா?" வெளியே சுவரோரம் கயிற்றுக்கட்டிலில் கிடந்தவரைத் தாடையால் காட்டினாள். "எங்கண்ணன் தரணி பைக்குல விழுந்து செத்து எட்டு மாசமாச்சுங்க. அன்னைக்கே ஒரு சொட்டுக் கண்ணீர் உடலீங்க இந்த மனுசன். கட்டிலை வெளிய தூக்கிப் போட்டுக்கிட்டாரு. ஊட்டுக்குள்ள எது நடந்தாலும் 'உடு, கெடக்குட்டும்'பாரு. கல்லு மனசு."

கல்லு மனசுக்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

அம்மா காளியாத்தாள் உள்ளிருந்து வந்தாள். புடவைக்குள் எலும்புதான் இருந்தது.

"பிடிக்க வேண்டாஞ் சாமி," என்றாள் ராஜபாண்டியிடம். "பையன் போனதுக்கப்பறம் எனக்குச் சோறே எறங்குல. டிரிப்ஸ் ஏத்தித்தான் உசுரோட வெச்சிருந்தாங்க. அப்பத்தான் இது வந்து சேந்துச்சு. படுக்கப் போறப்ப மேல மூணு பழம் வெப்பேன். காலைல தோலு மட்டும் கெடக்கும். அது தின்னுருச்சுன்னா நானும் ரெண்டு வாய் திம்பேன்."

"அது திங்கலைன்னா?"

"எப்புடித் திங்காமப் போகும் கண்ணு? அதுக்கு வெக்கறதுக்கு நான் இருக்கறனே."

அனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஜபாண்டி ஏணியில் ஏறினான்.

அட்டாலியில் மரநாயின் எச்சம் காய்ந்து பொடியாகிக் கிடந்தது. அது போய் மூன்று மாதமாவது ஆகியிருக்கும். மரநாய் இருக்கும் இடத்தில் பாசுமதிச் சோறு வேகும் வாசனை வரும். இங்கே தூசி வாசனை மட்டுமே. தட்டில் மூன்று ரஸ்தாளித் தோல்கள். ஒவ்வொன்றும் காம்பிலிருந்து நான்கு கீற்றாக, ஒழுங்காக உரிக்கப்பட்டிருந்தது. பழத்தை உரித்துத் தின்னும் நாகரிகம் மரநாய்க்கு இன்னும் வந்துசேரவில்லை.

மூலையில் காலி நூல்கோன்கள் மூன்று. நூல் சுற்றி வரும் கூம்புகள்; பனியன் கம்பெனிகளில் மூட்டை மூட்டையாகக் கழித்துப் போடுவார்களே, அவை. ஒரே கயிற்றில் கோத்திருந்தது. கயிறு ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போயிற்று.

இழுத்துப் பார்த்தான். கோன்கள் பலகைமேல் உருண்டன. அச்சு அசல் மரநாய்.

"அதா, அதா! கேக்குதுங்களா?" என்று கீழே அனிதா கத்தினாள்.

இடுக்கில் கண்ணை வைத்தான். கயிற்றின் மறுமுனை கட்டில் காலில் கட்டியிருந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நல்லான் அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.

ராஜபாண்டி ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினான்.

"என்னங்கண்ணா, இருக்குதுங்களா?"

"இருக்கு தங்கச்சி. மரநாயேதான். ஆனா பிடிக்க முடியாது."

"ஏனுங்க?"

"குட்டி போட்டிருக்கு. இப்பப் போயித் தொட்டா, பாரஸ்ட்காரன் என்னையப் பிடிச்சிட்டுப் போயிருவான்."

"குட்டியா!" காளியாத்தாள் இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "எத்தன கண்ணு?"

வாயில் வந்ததைச் சொன்னான். "மூணும்மா."

காளியாத்தாள் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. அனிதா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சுங்களாப்பா? உங்களுக்கென்ன, நீங்க தூங்குங்க."

"உடு, கெடக்குட்டும்," என்றார் நல்லான்.

"அப்பப் பால் குடுக்கறவளுக்கு மூணு பழம் எங்கிருந்து பத்தும்?" என்று சொல்லிக்கொண்டே காளியாத்தாள் உள்ளே போனாள். அன்று முதல் தட்டில் ஒரு முழுச் சீப்பு இருந்தது.

அடுத்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சர்க்கரை நானூறைத் தாண்டிவிட்டதென்று, நல்லானுக்கு மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள்.