கட்டி வைத்த பெட்டி

அறையில் நான்கு பேர்: கல்லூரியில் சேர்ந்து நாற்பது நாளான மகள், லாரியில் சரக்கு ஏற்றும் அப்பா, அறைத்தோழி, சாவிக்கொத்தோடு வாசலில் நிற்கும் விடுதி வார்டனம்மா. பதினோரு மணி வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. வெறும் கட்டிலில் ஒரு பெட்டி. "கிளாஸ்ல ஒண்ணுமே புரியலப்பா. வீட்டுக்கே வந்துடுறேன்." "நேத்தே கட்டிட்டா அங்கிள். செருப்போடதான் தூங்கினா," என்கிறாள் தோழி. யாரும் சிரிக்கவில்லை. அப்பா பெட்டியைச் சுற்றிய கயிற்றை விரலால் சுண்டிப் பார்க்கிறார். "என்னம்மா முடிச்சு இது? முதல் திருப்பத்துலயே அவுந்துடும்." அவிழ்த்து, முழங்காலை ஊன்றி, லாரிச் சரக்கைப்போல் இறுக்கிக் கட்டுகிறார். மகளுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது; கைப்பையை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அவர் பெட்டியைத் தோளுக்குத் தூக்கி, அப்படியே திரும்பி, அலமாரியின் உச்சியில் அவள் கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளுகிறார். தூசி வெயிலில் மெல்ல இறங்குகிறது. "மூட்டை தூக்க நம்ம வீட்டுல நான் ஒருத்தன் போதும். பரீட்சை முடியட்டும், நானே வந்து இறக்குறேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்குகிறார்; வார்டனம்மாவும் பின்னாலேயே இறங்குகிறார். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே வார்டனம்மா அவரை வெளியே விட்டு, இரும்புக்கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.