மெஷினுக்கு ஒரு மேலதிகாரி

எட்டு மாதமாக வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. பதவி, ஏ.ஐ. பொறுப்பு அதிகாரி.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி.

“ஏ.ஐ. தப்பு பண்ணினா யார் பொறுப்பு?”

“நான்தான் சார். வாயில்லாத ஜீவன் மேல பழி போடற ஆள் நான் இல்ல.”

முதலாளி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். பத்தே நிமிடத்தில் தனி அறையும் நியமன உத்தரவும் கிடைத்தன.

மனைவிக்குப் போன் செய்தார். “வேலை கிடைச்சிடுச்சும்மா!”

“உங்களுக்கா?”

“மூணு மாசத்துக்கு முந்தின தேதி போட்டே ஆர்டர் கொடுத்திருக்காங்க. தங்கமான மனுஷங்க!”

கம்பெனி வக்கீல் உள்ளே வந்தார். “கிளம்புங்க சார், கோர்ட்டுக்கு நேரமாச்சு.”

“நான் எதுக்கு?”

“போன மாசம் நம்ம ஏ.ஐ. நானூறு நோயாளிங்களோட கிளெய்மைக் கண்ணை மூடிட்டு நிராகரிச்சிடுச்சு. அப்ப பொறுப்புல இருந்தது நீங்கதானே?”